அண்டி ஆபீஸுக்கு ஓகேஆர் ஒத்துவருமா? காலாண்டு இலக்கு எழுத உதவி வேணும்

கருங்கல்_மானேஜர்:

எல்லாருக்கும் வணக்கம். கருங்கல் பக்கம் நடுத்தர அண்டி ஆபீஸ் ஒண்ணு, அதாவது முந்திரிக்கொட்டையை (அண்டி) உடைச்சுப் பருப்பு எடுக்கிற ஆலை. நாளைக்கு சராசரி 20 மூட்டை ஓடும், 80 கிலோ மூட்டை. அவிக்கிறது, உடைப்பு, போர்மா (பருப்பைச் சூட்டில காயவைக்கிற அறை), தொலி உரிப்பு, கிரேடிங், பேக்கிங் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. மொத்தம் 140 பேர், பெரும்பாலும் பெண்கள். உடைப்புக்கும் தொலி உரிப்புக்கும் கிலோ கணக்கு கூலி. கிரேடிங்குக்கு நாள் சம்பளம். அதுக்கு மேல 6 சூப்பர்வைசர், அப்புறம் கொள்முதல், விற்பனை, கணக்குப் பிரிவு.

முதலாளியோட மகன் பெங்களூர் ஐடி கம்பெனி வேலையை விட்டுட்டு தொழிலைப் பாத்துக்கிட வந்திருக்கார். ஜனவரியிலிருந்து ஓகேஆர் முறையிலதான் (நோக்கம் ஒண்ணு, அதை எட்டினோமான்னு அளக்க கீ ரிசல்ட் சிலது) இலக்கு வைக்கணும்னு ஒரு தாள் தந்தார். 9 நோக்கம், 31 கீ ரிசல்ட். முதல் மூணை மட்டும் இங்க போடுறேன்:

நோக்கம் 1: உற்பத்தியை மேம்படுத்துதல். கீ ரிசல்ட்: தினமும் 22 மூட்டை, தொலி உரிக்கும் மெஷின் வாங்குதல், வாரம் ஒரு மீட்டிங்.
நோக்கம் 2: தரத்தை உயர்த்துதல். கீ ரிசல்ட்: உடைசலைக் குறைத்தல், புகார் பூஜ்யம்.
நோக்கம் 3: விற்பனையை வளர்த்தல். கீ ரிசல்ட்: விற்பனை 20 சதவீதம் கூடணும்.

இதை நான் சூப்பர்வைசர்கள்கிட்ட விளக்கணும். எனக்கே சில சந்தேகம் இருக்கு. இந்தத் தாள்ல என்ன சரி, என்ன தப்பு? கிலோ கூலிக்கு வேலை பாக்கிறவங்க வரைக்கும் இதைக் கொண்டுபோகணுமா? போனஸோட சேக்கலாமா? மூணு மாசம் கழிச்சு மார்க் எப்படிப் போடுறது?

வேளிமலை:

தாளை இப்படியே உள்ளே இறக்க வேண்டாம் சார். 31 கீ ரிசல்ட் 6 சூப்பர்வைசருக்குத் தாங்காது. மூன்றாவது வாரம் யாரும் அந்தத் தாளைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். முதல் காலாண்டுக்கு உற்பத்திப் பக்கம் ஒரே நோக்கம், அதற்கு மூன்று கீ ரிசல்ட். அலுவலகப் பக்கத்துக்கு வேண்டுமானால் தனியாக இன்னொன்று. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஓகேஆர் என்றாலே ஐடிக்காரர்கள் சமாச்சாரம் என்று உங்கள் சூப்பர்வைசர்கள் சொல்லக்கூடும். அது பிறந்த இடம் தொழிற்சாலைதான். 1954-ல் பீட்டர் டிரக்கர் முன்வைத்த இலக்கு வழி நிர்வாகத்தை, 1970-களில் இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் தன் தேவைக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். அங்கே அதைக் கற்ற ஜான் டோர் 1999-ல் கூகுளுக்குக் கொண்டுபோனார். சிப் தயாரிப்பில் ஒரு தகட்டுக்கு எத்தனை நல்ல சிப் தேறுகிறது என்பதில்தான் லாபம் இருக்கிறது. ஒரு மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறுகிறது என்று நாம் பார்ப்பதும் அதே கணக்குதான்.

உங்கள் தாளில் உள்ள சிக்கல்களைச் சொல்கிறேன்.

மெஷின் வாங்குவதும் வாரம் ஒரு மீட்டிங் போடுவதும் வேலைகள், கீ ரிசல்ட் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. "இதைச் செய்து முடித்துவிட்டோம், ஆனாலும் நிலைமை மாறவில்லை" என்று ஒருவர் சொல்ல முடியுமானால் அது வேலை. மெஷின் வாங்கி ஓரமாக நிற்கவைத்தால் கீ ரிசல்ட்டுக்கு முழு மார்க். முழுப் பருப்பு ஒரு கிலோகூடக் கூடியிருக்காது.

"உடைசலைக் குறைத்தல்" என்பதில் எங்கிருந்து எங்கே என்பது இல்லை. கீ ரிசல்ட் என்றால் அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இன்றைய அளவு, போய்ச்சேர வேண்டிய அளவு, எந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கிறோம் என்பது.

"புகார் பூஜ்யம்" ஆபத்தானது. புகார் வராமல் செய்வதைவிடப் புகாரை எழுதாமல் விடுவது சுலபம்.

"தினமும் 22 மூட்டை" என்பதில் எண் இருக்கிறது, அளக்கவும் முடியும். ஆனால் அந்த எண் எதைத் தள்ளும் என்று பாருங்கள். மூட்டையை மட்டும் விரட்டினால் அவித்த அண்டியை ஆற விடாமல் உடைப்புக்கு அனுப்புவார்கள். சரியாக ஆறாத அண்டியில் பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு உடையும். மூட்டை எண்ணிக்கை 22-ஐத் தொடும். டபிள்யூ 320 (முழுப் பருப்பு கிரேடு) ஆக வேண்டிய பருப்பு துண்டாகப் போய் டின்னில் ஏறும்.

இதற்குத்தான் குரோவ் அளவுகளை ஜோடியாக வைக்கச் சொன்னார். சரக்கு இருப்பைக் குறைக்கிறோம் என்றால், தட்டுப்பாடு எத்தனை தடவை வந்தது என்பதையும் கூடவே எண்ண வேண்டும். ஒன்று இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மற்றொன்று இழுக்கும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். எண்களை உங்கள் பதிவேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

நோக்கம்: வாங்கின அண்டியிலிருந்து முழுப் பருப்பு சேதமில்லாமல் டின் வரை போய்ச்சேர வேண்டும்.
கீ ரிசல்ட் 1: தொலி உரித்து வெளியே வரும் பருப்பில் முழுசு 72 சதவீதத்திலிருந்து 80.
கீ ரிசல்ட் 2: போர்மாவிலிருந்து சரியான ஈரப்பதத்தில் இறங்கும் லோடு, பத்துக்கு 6 என்பதிலிருந்து பத்துக்கு 9.
கீ ரிசல்ட் 3: கொள்முதல் சோதனையில் கண்ட அவுட்டர்னுக்கும் (ஒரு மூட்டை அண்டியில் தேறும் பருப்பு) ஆபீஸில் உண்மையில் தேறியதற்கும் உள்ள இடைவெளி, மூட்டைக்கு 2 பவுண்டிலிருந்து 1 பவுண்டு.
எதிர்க்காவல்: வார சராசரி 20 மூட்டைக்குக் கீழே இறங்கக் கூடாது, தொலி உரிப்பவர்களின் சராசரி நாள் கூலி இப்போது இருப்பதைவிடக் குறையக் கூடாது.

மூன்றாவதை அற்பமாக நினைக்க வேண்டாம். 20 மூட்டைக்கு மூட்டைக்கு ஒரு பவுண்டு என்றால் நாளுக்கு 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. மூன்று மாதத்துக்கு 75 வேலை நாள் போட்டால் 1,500 பவுண்டு. 25 பவுண்டு டின் கணக்கில் 60 டின். அந்த 60 டின்னுக்கு உங்கள் விலையைப் போட்டு முதலாளியிடம் காட்டுங்கள். மீதி 8 நோக்கத்தை அவரே ஒத்திவைப்பார்.

குலசேகரம்_ஷீட்:

இவ்வளவு பாடு எதுக்கு? வாசல்ல ஒரு கரும்பலகை. நேத்து எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, எத்தனை பேர் வந்தாங்க. சாக்பீஸ்ல எழுதிப்போடுங்க. ரப்பர் ஷீட் போடுற இடத்தில எல்லாம் இதாக்கும் ஓடுது. புதுப் பேர் வச்சா பழைய வேலை மாறிருமா?

வேளிமலை:

கரும்பலகை கட்டாயம் வேண்டும். அது தினசரி ஓட்டத்துக்கு. பாய்லர் அழுத்தம், ஆள் வரவு, அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் பிஎஃப் கட்டுவது, 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது எல்லாம் அந்த வகை. ஒழுங்காக நடந்தால் யாரும் பேச வேண்டியதில்லை, தவறினால்தான் பேச்சு. இவற்றை ஓகேஆர் தாளில் எழுதுகிறவர்கள் நிறைய. அப்படி எழுதித்தான் 9 நோக்கம் வந்து சேர்கிறது. இப்போது இருக்கிற நிலையிலிருந்து ஒரு விஷயத்தை வேண்டுமென்றே மாற்றப்போகிறோம் என்றால் அதற்கு மட்டும் ஓகேஆர். இந்தக் காலாண்டில் மாற்ற எதுவும் இல்லை என்றால் ஓகேஆர் எழுதாமலே இருக்கலாம், குலசேகரம் அண்ணன் சொல்கிற மாதிரி.

திங்கள்சந்தை_அக்கா:

கூலி விஷயத்தை நான் சொல்லுதேன். மானேஜர் சார் கேட்டதில இதுதான் பெரிய கேள்வி.

கிலோ கணக்குல கூலி வாங்குற பெண்ணுங்க தலையில கீ ரிசல்ட்டைக் கட்டாதீங்க. முழுசு எவ்வளவு வருதுங்கிறது அவங்க விரல்ல மட்டும் இல்ல. முன்னால நடக்கிறது எல்லாம் அவங்க மேசையிலதான் வந்து விடியும். வரிசையாப் பாருங்க.

அண்டியை சைஸ் பிரிக்காம ஒரே லோடா அவிச்சா, பெரிசு வேகுறதுக்குள்ள சின்னது அதிகமா வெந்திரும். அவிச்சதை ராத்திரி முழுக்க பரத்தி ஆற விடணும். அவசரப்பட்டா உடைப்பில சேதம். உடைப்பு மெஷின் பிளேடு மழுங்கினாலும், இடைவெளி அண்டி சைஸுக்கு சரியா இல்லேன்னாலும் பருப்புல வெட்டு விழும். அந்த வெட்டு அப்போ கண்ணுக்குத் தெரியாது, தொலி உரிக்கும்போதுதான் ரெண்டாப் பிரியும். அப்புறம் போர்மா. ஈரம் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கினாத்தான் தொலி சுலபமா விடும். காய்ச்சல் பத்தலேன்னா தொலி ஒட்டிக்கிட்டு கத்தி போட்டுச் சுரண்டணும், அதுல பருப்பு போகும். காய்ச்சல் கூடினா அப்பளம் மாதிரி நொறுங்கும்.

இவ்வளவையும் தாண்டி மேசைக்கு வந்த பருப்பு உடையுதுன்னு தொலி உரிக்கிறவங்களைப் பிடிச்சா, அடுத்த வாரமே வேற ஆபீஸுக்குப் போயிருவாங்க. கருங்கல், மார்த்தாண்டம் சுத்துவட்டாரத்தில ஆளுக்குத் தட்டுப்பாடு, அவங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்ல.

அதனால கீ ரிசல்ட் சூப்பர்வைசர் மட்டத்தோட நிக்கட்டும். அதுவும் தொலி உரிப்பு சூப்பர்வைசர் பேர்ல மட்டும் எழுதாதீங்க. முதல் கீ ரிசல்ட்டுக்கு அவிக்கிறவர், உடைப்பு சூப்பர்வைசர், போர்மாக்காரர், தொலி உரிப்பு சூப்பர்வைசர் நாலு பேரும் பொறுப்பு. ஆனா வாரா வாரம் எண்ணை எடுத்துச் சொல்ல ஒரே ஒருத்தர். நாலு பேருக்கும் பொதுன்னு சொல்லி யாரும் எழுதாம விட்டா அதுவும் நடக்காது.

மேசையில இருக்கிறவங்களுக்கு என்ன சொல்லணும்? இந்த மூணு மாசம் முழுசு கூட வரணும்னு பாக்கிறோம், காய்ச்சல் சரியில்லாத டிரே வந்தா உரிக்காம கையைத் தூக்குங்க, திருப்பி போர்மாவுக்கு அனுப்புவோம், அந்த நேரத்துக்குக் கூலி கெடாதுன்னு சொல்லுங்க. கடைசி வாக்கியத்தைக் காசாக் கொடுக்கணும், வாயால சொன்னா போதாது. காத்திருக்கிற நேரத்துக்கு அவங்க மணிக்கு சராசரி எவ்வளவு உரிக்காங்களோ அந்தக் கணக்குல கூலி போடுங்க. இல்லேன்னா ஒருத்தியும் கையைத் தூக்க மாட்டா. கெட்ட டிரேயையும் கத்தி போட்டு உரிச்சுத் தள்ளிருவா, அவளுக்கு கிலோதான் சோறு.

போனஸ்: சட்டப்படி வர்ற போனஸ், குறைஞ்சது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அதுக்கும் ஓகேஆருக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. சூப்பர்வைசர் ஊக்கத்தொகையையும் சேக்காதீங்க. சேத்தா நடக்கிறது ரெண்டு. ஒண்ணு, அடுத்த காலாண்டு இலக்கு எழுதும்போதே 80 வரும்னு தெரிஞ்சும் 75-ன்னு எழுதுவாங்க. ரெண்டு, உடைஞ்சது காணாமப் போகும். எங்க போகும்? தொலிக் குப்பையில. மேசைக்குக் கீழ தொலியைக் கூட்டி அள்ளும்போது துண்டும் பொடியும் அதோட போயிரும், எடை போடும்போது முழுசு சதவீதம் அழகா நிக்கும். சந்தேகமா இருந்தா ஒரு நாள் சாயங்காலம் தொலிச் சாக்கு ஒண்ணை முறத்தில புடைச்சுப் பாருங்க.

கருங்கல்_மானேஜர்:

ரொம்ப நன்றி. தொலிச் சாக்கு விஷயம் சுருக்குன்னு பட்டுது.

இன்னும் மூணு கேள்வி. முழுசு சதவீதம் இன்னைக்கு எவ்வளவுன்னு எங்ககிட்ட சரியான எண் இல்ல. டிசம்பர்ல அளந்து, ஜனவரி ஒண்ணாம் தேதி தொடங்கலாமா? வாராந்திர கூட்டத்தில என்ன பேசணும்? விற்பனைக்கு 20 சதவீதம்னு முதலாளி மகன் பிடிவாதமா இருக்கார், அதை என்ன செய்ய?

வேளிமலை:

ஆமாம், இரண்டு வாரம் அளந்தால் போதும். டிசம்பர் முதல் வாரம் கோட்டார் சவேரியார் திருவிழா, கடைசி வாரம் கிறிஸ்துமஸ், ஆள் வராது. நடுவில் உள்ள இரண்டு வாரம் எடுங்கள்.

ஆரல்_காற்று:

அதில் ஒரு பொறி இருக்கிறது, வேளிமலை சார். டிசம்பர் நடுவிலும் வடகிழக்குப் பருவமழை முழுசாக விட்டிருக்காது. காற்றில் ஈரம். போர்மாவிலிருந்து இறக்கிய பருப்பு மேசைக்குப் போகுமுன் மறுபடி ஈரம் இழுக்கும், தொலி ஒட்டும், முழுசு குறையும். ஜனவரி கடைசியில் காற்று உலரும். யாரும் விரலை அசைக்காமலே இரண்டு மூன்று புள்ளி ஏறக்கூடும். காலாண்டு முடிவில் ஓகேஆர் வெற்றி என்று லட்டு கொடுப்பார்கள். பிறகு ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்ததும் எண் விழும். அப்போது ஆள் சரியில்லை என்பார்கள்.

ஆகவே தொடக்க எண்ணை டிசம்பரில் எடுக்காதீர்கள். பொங்கல் கழிந்து இரண்டு வாரம் அளந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஓட்டுங்கள். காலாண்டு என்றால் ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மாசிக்கொடைத் திருவிழா சமயத்தில் மண்டைக்காட்டைச் சுற்றியுள்ள ஆபீஸ்களில் ஆள் குறையும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு குறுக்குச் சோதனை. போன வருஷ பேக்கிங் பதிவேடு இருக்கும் அல்லவா? அதே மூன்று மாதத்தில் டபிள்யூ கிரேடு டின் எத்தனை, ஸ்பிளிட் (இரண்டாகப் பிரிந்த பருப்பு), துண்டு எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை என்று எண்ணி வகுத்தால் பழைய விகிதம் கிடைக்கும். தொலி உரிப்பு அறையில் அளக்கும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்காது, கிரேடிங்கிலும் பேக்கிங்கிலும் கொஞ்சம் உடையும். இரண்டும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பார்க்கத்தான் இது.

லாட் விஷயத்தையும் எழுதிவையுங்கள். தூத்துக்குடியில் இறங்கும் அண்டி தான்சானியா சரக்கா, ஐவரி கோஸ்ட் சரக்கா என்பதைப் பொறுத்து அவுட்டர்னும் மாறும், முழுசும் மாறும். தான்சானியாவில் அறுவடை அக்டோபரில் தொடங்கும், மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரி வாக்கில். உங்கள் காலாண்டின் நடுவில் சரக்கு மாற வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு வார எண்ணுக்குப் பக்கத்திலும் லாட் நம்பர் இல்லையென்றால் எது எதனால் நடந்தது என்று சொல்லவே முடியாது.

அளக்கும் முறை: காலை 11 மணிக்கு ஒரு தடவை, மாலை 3 மணிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு ஐந்து மேசைகளிலிருந்து ஒரு கிலோ வீதம் 5 கிலோ. முழுசு, ஸ்பிளிட், துண்டு, பொடி என்று பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக எடை போட்டு எழுதவும். கூட்டினால் 5 கிலோ வர வேண்டும். மேசைக்காரர்கள் பேர் எழுத வேண்டாம், மேசை எண்ணும் வேண்டாம்.

எது முழுசு என்பதில் கட்டாயம் சண்டை வரும். நுனி லேசாகச் சிதைந்த பருப்பை ஒருவர் முழுசில் போடுவார், இன்னொருவர் துண்டில் போடுவார். இதிலேயே ஒன்றிரண்டு புள்ளி ஆடிவிடும். கிரேடிங் சூப்பர்வைசரை உட்காரவைத்து, சேர்க்கலாம் என்பதற்குப் பத்துப் பருப்பு, சேர்க்கக்கூடாது என்பதற்குப் பத்துப் பருப்பு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, அளக்கும் மேசையிலேயே வையுங்கள். வாய்ச்சண்டை வந்தால் குப்பியைக் காட்டினால் போதும். மூன்று மாதமும் அதே குப்பி, அளக்கும் ஆளும் முடிந்தவரை ஒரே ஆள்.

அவுட்டர்ன் இடைவெளிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். கொள்முதல் சோதனையில் ஒரு கிலோ அண்டியை வெட்டி, நல்ல பருப்பின் எடையோடு புள்ளி விழுந்ததும் முற்றாததுமான பருப்பின் எடையில் பாதியைச் சேர்த்து, வரும் கிராமை 0.17637-ஆல் பெருக்கினால் மூட்டைக்கு எத்தனை பவுண்டு என்று வரும். 272 கிராம் என்றால் 48 பவுண்டு. ஆபீஸில் தேறியதைக் கணக்கிடும்போது புள்ளிப் பருப்பை முழு எடையில் சேர்த்தால் இடைவெளி தானாகச் சுருங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே விதி வையுங்கள். சோதனை மாதிரியை மூட்டையின் மேல்வாயிலிருந்து மட்டும் எடுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

வேளிமலை:

மழை விஷயத்தில் ஆரல்_காற்று சொல்வதுதான் சரி. பிப்ரவரி–ஏப்ரல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாராந்திர கூட்டம்: திங்கள் காலை வேண்டாம், ஆள் வரவு பார்ப்பதிலேயே போய்விடும். செவ்வாய் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிஷம், நின்றபடியே. தாளில் ஒவ்வொரு கீ ரிசல்ட்டுக்கும் தொடக்கம், இலக்கு, இந்த வாரம், லாட், நம்பிக்கை என்று ஐந்து கட்டம். நம்பிக்கை என்பது, மூன்று மாத முடிவில் இலக்கைத் தொடுவோமா என்று பொறுப்பானவர் 10-க்குப் போடும் மார்க். 5-ல் தொடங்குவது நல்லது. முதல் வாரமே 9 போட்டால் இலக்கு சின்னது. 2 போட்டால் அவருக்கே நம்பிக்கை இல்லாத இலக்கைத் திணித்திருக்கிறீர்கள்.

கூட்டத்தில் கேள்வி இரண்டே இரண்டு. போன வாரத்தைவிட நம்பிக்கை ஏன் ஏறியது அல்லது இறங்கியது? அடுத்த செவ்வாய்க்குள் எந்த ஒரு விஷயத்தை மாற்றிப்பார்க்கப் போகிறோம்? பிளேடு தீட்டுவது, லோடை சைஸ் பிரித்து அவிப்பது, போர்மாவில் டிரே இடம் மாற்றுவது, இதெல்லாம் இங்கேதான் வரும். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. யாரையாவது நிற்கவைத்துத் திட்டினால் அடுத்த வாரத்திலிருந்து வரும் எண்கள் எல்லாம் அழகாக இருக்கும், நம்ப மட்டும் முடியாது.

மார்க் போடும் முறை: அடைந்ததிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதை இலக்குக்கும் தொடக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 72-ல் தொடங்கி 80 இலக்கு, 77 வந்தால் 5-ஐ 8-ஆல் வகுத்து 0.63. பலர் 77-ஐ 80-ஆல் வகுத்து 0.96 என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒன்றுமே செய்யாமல் 72-லேயே நின்றாலும் 0.9 வரும். இறக்க வேண்டிய எண்ணுக்கும் இதே வழிதான்: 2 பவுண்டிலிருந்து 1 பவுண்டு இலக்கு, 1.3-ல் நின்றால் 0.7.

கூகுளில் எட்டிப்பிடிக்கிற வகை இலக்குகளுக்கு 0.6 முதல் 0.7 வந்தாலே நல்லது என்று கொள்வார்கள். கட்டாயம் முடிக்க வேண்டியது என்று முன்பே சொன்னதற்கு மட்டும் 1.0 எதிர்பார்ப்பு. எது எந்த வகை என்று தாளிலேயே முன்கூட்டி எழுதுங்கள். உங்கள் தாளில் போர்மா ஈரப்பதம் கட்டாய வகை, மற்ற இரண்டும் எட்டிப்பிடிக்கிற வகை என்று வைக்கலாம். எதிர்க்காவல் உடைந்திருந்தால், அதாவது 20 மூட்டைக்குக் கீழே போயிருந்தால், மார்க்குக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் அதையும் எழுதுங்கள்.

விற்பனை 20 சதவீதம்: ரூபாயில் அளந்தால் அது பருப்பு விலையின் ஏற்ற இறக்கத்தைத்தான் அளக்கும். தீபாவளி முடிந்து உள்நாட்டு தேவை தணியும் காலாண்டில் அது இன்னும் மோசம். டின் கணக்கில் அளக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது பாக்கி வசூல்: பில் போட்டதிலிருந்து பணம் வர சராசரி நாள் 45-லிருந்து 30. அண்டிக்குக் கையிலிருந்து மொத்தமாகப் பணம் போட்டு, பருப்பைக் கடனுக்கு விற்கும் தொழிலில் அந்த 15 நாள் வட்டி பெரிய காசு. எதிர்க்காவலாக, இப்போது மாதாமாதம் வாங்கும் வாடிக்கையாளர் எண்ணிக்கை குறையக் கூடாது என்று சேருங்கள். இல்லையென்றால் நெருக்கிப் பிடித்துப் பழைய வியாபாரிகளை ஓட்டிவிடுவார்கள்.

கருங்கல்_மானேஜர்:

புதுத் தாள் இது, பாத்துச் சொல்லுங்க.

நோக்கம்: முழுப் பருப்பு சேதமில்லாம டின் வரை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை.
1. தொலி உரிப்பில முழுசு: தொடக்கம் ஜனவரி கடைசியில அளந்து எழுதுவோம், இலக்கு அதுக்கு மேல 8 புள்ளி. எண் சொல்றவர் தொலி உரிப்பு சூப்பர்வைசர்.
2. போர்மா லோடு பத்துக்கு 9 சரியான ஈரப்பதத்தில. கட்டாய வகை. போர்மாக்காரர்.
3. அவுட்டர்ன் இடைவெளி 2-லிருந்து 1 பவுண்டு. கொள்முதல் ஆபீஸர்.
எதிர்க்காவல் ரெண்டும் வேளிமலை சார் சொன்னபடி.

அலுவலகப் பக்கத்துக்கு பாக்கி வசூல் மட்டும். காத்திருக்கிற நேரத்துக்குக் கூலி தர முதலாளி ஒத்துக்கிட்டார்.

திங்கள்சந்தை_அக்கா:

ஒண்ணாவதில எண் சொல்றவரை மாத்துங்க சார். தொலி உரிப்பு சூப்பர்வைசர் எண் சொன்னா அவரைத்தான் எல்லாரும் பிடிப்பாங்க. கிரேடிங் சூப்பர்வைசர் சொல்லட்டும். வர்ற பருப்பு அவர் கையிலதான் நிக்குது, கூட்டிச் சொல்லவும் குறைச்சுச் சொல்லவும் அவருக்கு லாபமில்ல.

ஆரல்_காற்று:

மூன்றாவதுக்கும் அதே பிரச்சினை. இடைவெளியைச் சுருக்க கொள்முதல் ஆபீஸருக்கு ரொம்பச் சுலபமான வழி, சோதனையில் அவுட்டர்னைக் குறைத்து எழுதுவது. சோதனை எழுதுகிறவரும் இடைவெளி சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வெட்டுச் சோதனையை உடைப்பு சூப்பர்வைசர் முன்னிலையில் செய்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். கணக்குப் பிரிவு இடைவெளியைக் கூட்டிச் சொல்லட்டும்.

இரண்டாவதில் "சரியான ஈரப்பதம்" என்பதற்கு எல்லையை எண்ணாக எழுதுங்கள், உதாரணமாக 2.8 முதல் 3.4 வரை. மேல் டிரே, நடு டிரே, கீழ் டிரே மூன்றிலும் எடுத்து மூன்றும் எல்லைக்குள் இருந்தால்தான் அந்த லோடு சரி. சராசரி போட்டால் மேலே கருகி கீழே பச்சையாக இருக்கும் லோடும் பாஸ் ஆகிவிடும். கையடக்க மீட்டரை வாரம் ஒரு தடவை அடுப்பில் உலர்த்தி எடை பார்க்கும் முறையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தராசையும் தினமும் காலையில் முத்திரையிட்ட 5 கிலோ படிக்கல் வைத்துப் பார்த்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள். தொலித் தூசி தட்டுக்கு அடியில் புகுந்து அரைப் புள்ளி ஆடுவது இந்தத் தொழிலில் சகஜம்.